கடைசி வரியை மூடிவிட்டுப் படி

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று யூசுப் சொன்னான். உன்னோடு பள்ளியில் படித்தவன், கோரிப்பாளையத்தில் என் மோட்டார் கடைக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன், அதே யூசுப்தான். போன வாரம் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாப்ள வெளிநாடு போறான் மாமா. மால்டான்னு ஏதோ தீவாம். மாசக் கடைசில பிளைட்டு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னான், எனக்கு மனசு கேக்கல" என்றான். நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரிலிருந்து கையை எடுக்காமல், "எப்பத் திரும்புறான்?" என்று கேட்டேன். அவன் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, "திரும்புற மாதிரி பேசல மாமா" என்றான். அன்றைக்குச் சுற்றிய சுற்று முழுவதையும் மறுநாள் பிரித்துப் போட்டு மறுபடி சுற்றினேன். இத்தனை வருடத்தில் அப்படி ஆனதில்லை.

நீ போனை எடுப்பதில்லை. சென்னை முகவரிக்குப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. அதனால்தான் இதை அச்சில் போடுகிறேன். இந்த மாதப் பத்திரிகையை நடத்துகிறவர் தன் கிணற்று மோட்டாரை என்னிடம் கொண்டுவருகிறவர். "குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொல்லணுமாண்ணே?" என்று தயங்கினார். அவன் அம்மாவின் கேதத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் மகன் சொல்லிவிட்டுப் போன விஷயம்தானே, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்றேன். உன் கண்ணில் படாவிட்டாலும் உன் சிநேகிதர்கள் யாராவது கண்ணில் படும். அவர்கள் உன்னிடம் சொல்வார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் வைத்திருக்கிறேன். உன் அம்மாவைத் தத்தனேரிச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வீடு திரும்பியிருந்தோம். நீ ஈரத் துண்டோடு வாசலில் நின்றுகொண்டு, "அவசரப்பட்டுக் கொன்னுட்டீங்கப்பா. எப்பவும்போல தனியா முடிவெடுத்து, தனியா கையெழுத்துப் போட்டு, கொன்னுட்டீங்க" என்றாய். உன் சித்தப்பா உன் வாயைப் பொத்தினார். அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வருடத் திதி நெருங்குகிறது. இன்னும் நீ இந்தப் பசுமலை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இது மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை. அப்படி எதிர்பார்த்துப் படித்தால் இங்கேயே மடித்து வைத்துவிடு. அன்று எடுத்த முடிவைப் பற்றி ஒரு வருடமாக யோசித்துவிட்டேன். அதே நேரம், அதே விவரங்கள் மறுபடி என் முன்னால் வந்தாலும் அதையேதான் செய்வேன். நான் கேட்பது வேறு. நீ எனக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தாய். உன் சீட்டுக்கு ஒரு நியாயம், என் கையெழுத்துக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் மகன் கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறவன். போக்கர் என்று பெயர். நான் முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரணம் உனக்குத் தெரியும். உன் அம்மாவின் அண்ணன், கொட்டாம்பட்டிப் பக்கம் இருந்த உன் தாய்மாமன், மங்காத்தாப் பலகை முன்னால் உட்கார்ந்து எழுந்தபோது அவர்கள் வீட்டு நிலம் போயிருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் முதல் முதலாகத் தன் பெயரில் பட்டா வாங்கிய நிலம். அதை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சீட்டைப் போட்டுத் தொலைத்தார். அந்த வீட்டில் பெண்ணெடுத்தவன் நான். என் வீட்டில் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது என்று வைத்திருந்தேன். நீ இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, அதே சீட்டை டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தாய்.

நான் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நினைவிருக்கிறதா? திரும்பி வந்ததும் நீ கத்துவாய் என்று தயாராக வந்தேன். நீ கத்தவில்லை. "ஒரே ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாருங்கப்பா. பாத்துட்டுத் திட்டுங்க" என்றாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "பாக்காமத் திட்டுறதுதான்டா உங்கப்பாவுக்கு ருசி. பாத்துட்டா பாதி சுகம் போயிரும்ல" என்றாள். அந்தக் கேலிக்காகவே உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் இரவு என்றால் நமக்கு விடியல். நான் பல் தேய்த்துவிட்டு வரும்போது நீ உலகத்தின் மூலை முடுக்கில் இருப்பவர்களோடு ஆடிக்கொண்டிருப்பாய். ஆட்டம் சுலபமானது, புரிந்துகொள்ள ஒரு வேளை போதும். ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவருக்கு மட்டும் தெரியும். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, பிறகு ஒன்று. எல்லோரும் ஒரே அளவு வில்லைகளோடு, அதாவது பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற காய்களோடு, தொடங்குவார்கள். இருக்கிற வில்லை போய்விட்டால் வெளியே. கடைசி வரை இருப்பவனுக்கு முதல் பரிசு, அவனுக்கு முன்னால் போன சிலருக்குச் சின்னப் பரிசு. முடிவெடுக்க ஒரு நேரம் உண்டு. அது ஓடிக்கொண்டே இருக்கும். தீர்ந்தால் உன்னைக் கேட்காமலே உன் சீட்டைத் தள்ளிவிடும்.

அன்று உன் கையில் இரண்டு ஜாக்கி இருந்தது. இன்னும் ஒரே ஒருவன் வெளியேறினால் மிச்சமுள்ள எல்லோருக்கும் பரிசு என்ற இடம். கொஞ்சம் வில்லை வைத்திருந்த ஒருவன் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினான். அவனுக்குப் பின்னால், மலைபோல வைத்திருந்தவனும் தள்ளினான். நீ மவுஸில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், பிறகு ஆட்டத்திலிருந்து விலகிச் சீட்டைப் போட்டுவிட்டாய். அவர்கள் திறந்தார்கள். ஒருவனிடம் ஏஸும் ஒன்பதும். மலைக்காரனிடம் வெறும் இரண்டு எட்டு. நடுவில் ஏஸும் வரவில்லை, ஒன்பதும் வரவில்லை, எட்டும் வரவில்லை. நீ போயிருந்தால் இரண்டு பேரையும் வழித்திருப்பாய். "பயந்தாங்கொள்ளிப் பயலே, கையில வந்ததை விட்டுட்டியேடா" என்று கத்தினேன். சீட்டு ஆடக் கூடாது என்று சொன்ன அதே வாயால்.

நீ சிரித்தாய். மறுநாள் அந்த ஆட்டத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாய். யார் என்ன செய்தார்கள் என்று வரிவரியாக இருந்தது. மோட்டாரில் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே செருகுகிற தடித்த தாள் ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்துக் காகிதத்தின் கீழ்ப்பகுதியை மூடினாய். "இப்பச் சொல்லுங்கப்பா. கீழ என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என்ன பண்ணணும்?" என்றாய். "அதான் எட்டு ஜோடின்னு நேத்தே பாத்தோமேடா." "பாக்கலைன்னு வச்சுக்கங்க. பாத்துட்டுச் சொல்றதுக்குப் பேரு அலசுறது இல்ல. சோசியம்." அன்று முழுக்க இருவரும் சண்டை போட்டோம். அந்த மலைக்காரன் ரொம்ப நேரமாகச் சும்மா இருந்தவன், சும்மா இருந்தவன் இறங்கினால் கையில் பெரிதாக ஏதோ இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய். அப்படி இறங்கி மிரட்டுகிறவனும் உண்டு என்று நான் சொன்னேன். கடைசியில் நீ ஒன்று கேட்டாய். அதை நான் மறக்கவே இல்லை, அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். "எதுக்கு ஆடுறீங்கன்னு முதல்ல சொல்லுங்கப்பா. பரிசுக்குள்ள நுழைஞ்சாப் போதும்னா சீட்டைப் போடணும். முதல் இடம்தான் வேணும்னா போகணும். எது வேணும்னு தெரியாம எது சரின்னு சொல்ல முடியாது."

அன்றிலிருந்து அது வழக்கமானது. நீ சிக்கலான ஆட்டங்களை அச்செடுத்து வருவாய். நான் கடையிலிருந்து எடுத்துவந்த அந்தத் தாளை வைத்து மூடி, ஒவ்வொரு வரியாக இறக்குவோம். நீ சொன்னதை நான் அப்படியே நம்பினேன் என்று நினைக்காதே. ஒரு ஜோடிக்கும் அதைவிடப் பெரிய இரண்டு தனிச் சீட்டுக்கும் போட்டி வந்தால் ஜோடி ஒரு மயிரிழைதான் முன்னால் நிற்கும் என்றாய். நான் நம்பாமல் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்து போட்டுப் போட்டுப் பார்த்தேன். கம்பிச் சுற்றை எண்ணுகிற கருவியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முறைக்கும் தட்டினேன். நீ சொன்னதுதான் வந்தது. வீட்டுக்கு வந்து, "உன் கம்ப்யூட்டரு என் கணக்கோட ஒத்துப்போகுது, பரவால்ல" என்றேன். நீயும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போனவன் இல்லை. மோட்டார் சுற்றுவதையும் யாரும் கற்றுத் தரவில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துத் தெரிந்துகொண்டது. சொல்லிக் கேட்பது எனக்கு ஒட்டாது, கையால் பிரித்துப் பார்த்தால்தான் ஒட்டும். உன் ஆட்டத்தையும் அப்படித்தான் பிரித்தேன். கரண்ட் போய் ஆட்டம் நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று உன் அறைக்கு இன்வர்ட்டர் கட்டித் தந்ததும் நான்தான். பேட்டரிக்கு இன்னமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். யாருக்காக என்று கேட்காதே.

உன் அம்மாவுக்கு மட்டும் அந்தத் தாள் பிடிக்கவில்லை. டீ கொண்டுவந்து வைக்கிற சாக்கில் குனிந்து ஓரத்தைத் தூக்கிக் கடைசி வரியைப் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டு உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்து நிற்பாள். "ஏம்மா, ஏம்மா இப்படிப் பண்ற?" என்று நீ கத்துவாய். "முடிவு தெரியாம எப்பிடிடா டீ இறங்கும்? நீங்க அலசுங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் நிம்மதியாக் கேக்குறேன்" என்பாள். அவளுக்குச் சீட்டில் ராஜா எது ராணி எது என்பதே கடைசிவரை பிடிபடவில்லை. யார் ஜெயித்தான் என்பது மட்டும் வேண்டும்.

ஒருநாள் உன் கையில் இரண்டு ராஜா. எதிரி இருந்ததையெல்லாம் தள்ளினான், நீயும் தள்ளினாய். அவனிடம் ஏஸும் ராணியும். நாலு சீட்டு வரை நீ முன்னால் இருந்தாய். ஐந்தாவதாக ஏஸ் விழுந்தது. நாள் முழுக்க ஆடிய ஆட்டம் ஒரு சீட்டில் போனது. நான்தான் மேசையில் ஓங்கித் தட்டினேன். நீ எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சரியாத்தான்ப்பா ஆடினேன். தோத்துட்டேன். ரெண்டும் வேற வேற" என்றாய். என் வயதுக்கு அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் ஜெயித்தவன் கெட்டிக்காரன், தோற்றவன் மடையன், அவ்வளவுதான். உன் தாய்மாமனை அப்படித்தான் இருபது வருடம் மடையன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (அவர் மடையன்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் தோற்றதனால் அல்ல என்பது உன்னால்தான் புரிந்தது.) நீ சொன்ன அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடத்தைத் தள்ளினேன். அதைச் சொன்னவனே என்னைக் கொலைகாரன் என்கிறான்.

சரி. இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ என்னைச் சொல்லவே விடவில்லை. உன்னிடம் வரிவரியாக வைக்கிறேன். தாள் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்.

நீ கோவாவில் இருந்தாய். கம்ப்யூட்டரில் இல்லாமல் நேராக மேசையில் உட்கார்ந்து ஆடுகிற முதல் போட்டி உனக்கு. நீ போனதில் எனக்கு வருத்தமில்லை, நான்தான் ரயிலேற்றிவிட்டேன். காலையில் உன் அம்மா டீப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "பின்மண்டைல யாரோ உளி வச்சு அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்று தரையில் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். எழுந்து நடக்கப் பார்த்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஸ்கேன் எடுத்தார்கள். பின்மூளையில் ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது என்றார்கள். இது முதல் வரி.

இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். வயதானவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அளவு ரெண்டுங்கெட்டானா இருக்கு. மருந்து குடுத்து வச்சிருப்போம். நாளைக்குக் காலைல இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு முடிவு பண்ணலாம். தானாக் கரையவும் கரையலாம்" என்றார். இளையவர், "நடுவுல வீங்குனா மூச்சு நின்னுரும் சார்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "இப்ப நினைவோட பேசுறாங்க. இப்ப மண்டையைத் திறந்து ஆபரேஷன் பண்ணினா எழுந்து உக்கார்ற வாய்ப்பு இருக்கு. மயங்கினதுக்கு அப்புறம் திறந்தா உயிர் மட்டும்தான் மிஞ்சும். ஆனா சர்க்கரையும் பிரஷரும் இருக்கு. மேசையிலயே போகவும் போகலாம். நான் மறைக்க மாட்டேன்." வயதானவர் அதை மறுக்கவில்லை. "ரெண்டுல எதுவும் தப்பில்லை. நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் வேறொரு கேஸ் உள்ளே போய்விடும் என்றார்கள். இது இரண்டாவது வரி.

உனக்குப் போன் அடித்தேன். மேசையில் போன் வைக்க விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அடித்து அடித்து ஓய்ந்துபோய் வைத்த பிறகு நீயே இடைவேளையில் கூப்பிட்டாய். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெரியவரு காலைல பாக்கலாம்னுதானப்பா சொல்றாரு?"

"சின்னவரு இப்பவே திறக்கணும்ங்கறாருடா."

"காலைல முத பிளைட்ல வாரேன். நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. ப்ளீஸ்ப்பா."

"நீ வந்து என்ன பண்ணப் போற? டாக்டரா நீ?"

"ரெண்டு பேரும் சேந்து யோசிப்போம்ப்பா. எதையும் தனியாச் செஞ்சிராதீங்க."

"தியேட்டரு காத்திருக்காதுடா தம்பி."

அங்கே ஏதோ மணி அடித்தது. இடைவேளை முடிகிற மணியாக இருக்கும். லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை. நீ மேசைக்குத் திரும்பவில்லை, வில்லைகளை அப்படியே விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினாய் என்று யூசுப் பிறகு சொன்னான். அதை நான் நம்புகிறேன். நீயும் நான் சொல்வதை நம்பு. இது மூன்றாவது வரி. இதுவரை உனக்கும் தெரிந்ததுதான்.

நாலாவது வரி உனக்குத் தெரியாது. நீ கேட்கவே இல்லை, நானும் கெஞ்சிச் சொல்கிற ஆள் இல்லை. போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் போனேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு, "என்ன சொல்றான்?" என்றாள். யார் என்று கேட்கத் தேவையில்லை. நான் மறைக்கவில்லை. "காலைல வாரானாம். அது வரைக்கும் பொறுக்கச் சொல்றான்" என்றேன். "நீங்க என்ன சொல்றீங்க?" "இப்பவே செஞ்சுரணும்னு எனக்குப் படுது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்குள்ள அலசிக்கிருங்கப்பா, என்னைய ஏன் இழுக்குறீங்க. எனக்குத்தான் சீட்டே தெரியாதே" என்று சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒரு பக்கம் கோணியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எனக்குக் கற்றுத் தந்த கேள்வியைத்தான் கேட்டேன். உனக்கு என்ன வேணும்னு சொல்லு, அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும் என்றேன்.

"அவன் வாரப்ப நான் எந்திரிச்சு உக்காந்திருக்கணும். பேச்சில்லாமக் கெடந்தா புள்ள தாங்க மாட்டான். அதுக்கு எது தோதோ அதைச் செய்யுங்க" என்றாள்.

அவள் உயிரோடு இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள். பரிசுக்குள் நுழைவதற்கு ஆடவில்லை அவள். நீ சொல்லித் தந்த பாடப்படி பார்த்தால், எதற்கு ஆடுகிறோம் என்பது அந்த நிமிடம் தீர்ந்துவிட்டது. நான் வராந்தாவுக்குப் போனேன். இளைய டாக்டர் காகிதத்தை நீட்டினார். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. தனியாக முடிவெடுத்தேன் என்று ஊர் முன்னால் சொன்னாயே, நான் தனியாக எடுக்கவில்லை தம்பி. நீ ஒருத்தன்தான் அங்கே இல்லை.

கையெழுத்துப் போட்டேன். இது ஐந்தாவது வரி. இதற்குக் கீழே உள்ளதைத் தாள் மூடியிருக்கிறது.

தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தத்தனேரிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு ஜாக்கியைப் போட்டுவிட்டு வந்த மறுநாள் என்னை என்ன செய்யச் சொன்னாயோ அதையே இப்போது உன்னைச் செய்யச் சொல்கிறேன். பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். மேலே இருக்கிற ஐந்து வரியை மட்டும் வைத்து அலசு. என் இடத்தில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? காத்திருந்திருப்பேன் என்று நீ சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன். வயதான டாக்டரும் அதைத்தான் சொன்னார், அதிலும் நியாயம் உண்டு. உன்னோடு சண்டை போடுவேன், அது வேறு. மலைக்காரனைப் பற்றிச் சண்டை போட்ட மாதிரி நாள் முழுக்கப் போடுவேன். ஆனால் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கொலைகாரன் என்று சொன்னால் அதை என்னால் ஏற்க முடியாது. அதற்கு நீயே ஒரு பெயர் வைத்திருக்கிறாய்.

உனக்கு வேறு சில புத்திமதிகளும் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போகிற தீவு எங்கே இருக்கிறது என்று யூசுப் கடையில் படம் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். கடலுக்கு நடுவே ஒரு கடுகு. அங்கே போய் விடிய விடிய ஆடாதே. சாப்பிடாமல் ஆடாதே, பசித்தவன் சீட்டை அவசரமாகப் போடுவான். உன் ஆட்டத்தை அலச ஒரு ஆளை வைத்துக்கொள். உன்னைப் புகழ்கிறவன் உதவமாட்டான், என்னைப் போல விடாப்பிடியாக எதிர்த்துப் பேசுகிறவனாகப் பார்த்து வைத்துக்கொள். தனியாக அலசுகிறவன் தன்னையறியாமல் தாளின் ஓரத்தைத் தூக்கிவிடுவான். நான் ஒரு வருடமாகத் தனியாகத்தான் அலசிக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். காலையில் கடைக்குப் போகும்போது அலசுகிறேன், சாப்பிடும்போது அலசுகிறேன், ஒவ்வொரு தடவையும் தாள் நழுவி அந்தக் கடைசி வரி தெரிந்துவிடுகிறது. சரியாகத்தான் செய்தேன் என்று வாய் சொல்கிறது. அதைச் சத்தமாகச் சொல்ல எதிரில் ஆள் வேண்டும். உன்னைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் அந்த முறை தெரியாது. யாரிடம் போய்ச் சொல்வேன்? உன் சித்தப்பா, "விதிண்ணே, விடுங்க" என்கிறார். விதி என்று சொல்லவா நீயும் நானும் அத்தனை காலைகள் உட்கார்ந்திருந்தோம்?

நான் யாரிடமும் வா என்று இரண்டு தடவை சொன்னவனில்லை. உன்னிடம் இதோடு எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியவில்லை. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு பொழுது வந்துவிட்டுப் போ. என்னோடு பேச வேண்டாம், அப்பா என்று கூப்பிட வேண்டாம். எதிரில் உட்கார்ந்து அலசினால் போதும். நீ மேசையில் சொல்வாயே, நேரம் ஓடுகிறது என்று. எனக்கும் ஓடுகிறது. தீர்ந்தால் என்னைக் கேட்காமலே சீட்டைத் தள்ளிவிடும்.

இதில் எழுதிய ஐந்து வரியையும் ஒரு காகிதத்தில் என் கையால் எழுதி, கீழே ஆறாவதையும் எழுதி, அதே தடித்த தாளால் மூடி, உன் அறை மேசையில் வைத்திருக்கிறேன். இன்வர்ட்டர் ஓடுகிறது. முன்பெல்லாம் நீ "இருங்கப்பா, வாரேன்" என்று பேனா எடுக்கப் போவாய், அதற்குள் அவள் குனிந்து ஓரத்தைத் தூக்கிவிடுவாள். இப்போது இந்த வீட்டில் தூக்கிப் பார்க்க ஆளில்லை. நீ வருகிறவரை அது மூடியே இருக்கும்.

அப்பா